மடைப்பள்ளிக்குள் வந்த வெள்ளக்கல்

முன்னொரு காலத்தில், மழை பெய்தால் அரண்மனையில் வடை சுடுவார்கள், ஏரிக்கரையில் மூட்டை கட்டுவார்கள் என்றிருந்த ஒரு தேசத்தை மகுடவர்த்தனர் என்ற மகாராசா ஆண்டுவந்தார். ஆள் நல்லவர்தான். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் நல்ல எண்ணத்தோடு ஒருவர் சிம்மாசனத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னென்ன செய்யலாம் என்பதற்கு அந்தத் தேசமே சாட்சி.

ஊருக்குக் கிழக்கே ஒரு பேரேரி இருந்தது. அதன் கரைக்கு இந்தப் பக்கம் ஆளுயரக் கருங்கல் ஒன்று நின்றது. வெள்ளக்கல் என்று அதற்குப் பெயர். மகாராசாவின் பாட்டனாருக்குத் தகப்பனார் காலத்தில் ஒரு ஐப்பசியில் ஏரியும் ஆறும் ஒன்றாகி ஊரை விழுங்கின. அந்த ராசா யானைக்கொட்டாரத்துக் கூரைமேல் மூன்று நாள் குந்தி, நனைந்த அவலைத் தின்று உயிர் பிழைத்தார். நாலாம் நாள் இறங்கி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தண்ணீர் ஏறி நின்ற மட்டத்துக்கு ஒரு கல்லில் கோடு வெட்டி நடச் சொன்னதுதான். கோட்டுக்கு மேலே எழுத்தும் வெட்டினார்கள்.

"இக்கோட்டுக்குக் கீழே எவரும் அடுப்பு மூட்டலாகாது. மூட்டினால் அரசு அதை அணைக்கும்."

வீடு என்று எழுதவில்லை, அடுப்பு என்று எழுதினார். வீடு என்று எழுதினால் கொட்டகை என்பார்கள், மண்டபம் என்பார்கள், காவல்குடில் என்பார்கள். அடுப்பு எரிகிற இடத்தில் பிள்ளை தூங்கும். அதை எந்தப் பெயர் சொல்லியும் மறைக்க முடியாது. பள்ளத்தில் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், கருங்கல் அடுக்கித் தளத்தைக் கோட்டுக்கு மேலே ஏற்றி, அதன்மேல் அடுப்பு வை. அவ்வளவுதான் சட்டம். கொத்தர்கள் தொட்டித் தண்ணீரில் மட்டம் பார்த்து, அந்தக் கோட்டிலிருந்து நூல் பிடித்துத்தான் அந்தப் பக்கத்தில் ஒரு செங்கல்லே வைப்பார்கள். கூரைமேல் மூன்று நாள் குந்திய ராசாவுக்கு வந்த புத்தி, நாலு தலைமுறைக்கு ஊரைக் காத்தது.

கல்லுக்குப் பக்கத்தில்தான் காளவாய்மேடு. அது கடவுள் வைத்த மேடு அல்ல. அரண்மனைக்கும் கோட்டைக்கும் செங்கல் சுட்ட சனங்கள் உடைசலையும் சாம்பலையும் கொட்டிக் கொட்டி, தலைமுறை தலைமுறையாகக் கூடையில் சுமந்து ஏற்றிய மேடு. அதன் உச்சியில் நாற்பது குடிசைகள். செங்கல் சுடுகிறவர்கள், சுண்ணாம்பு இடிக்கிறவர்கள், தளம் அடிக்கிறவர்கள். நாற்பது அடுப்பும் கோட்டுக்கு மேலேதான் எரிந்தன.

ஒச்சாண்டி பிறந்தது அங்கேதான். அரண்மனை மச்சுத்தளம் அடிக்கும்போது, கீழே நின்ற மகாராசா, "என்ன சத்தம் இது, தூக்கமே போயிற்று!" என்று கத்தினார். மேலேயிருந்த ஒச்சாண்டி, "தூங்கத்தான் மகாராசா அடிக்கிறோம். இன்றைக்கு நாங்கள் அடிக்காவிட்டால் மழைக்காலம் முழுக்க நீங்கள் முழித்திருக்க வேண்டும்" என்றான். மகாராசா சிரித்துவிட்டார். அன்றைக்கே அவனைச் சபையில் விகடனாக வைத்துக்கொண்டார். மட்டைப் பலகை பிடித்த கை இப்போது தாம்பூலம் பிடிக்கிறதே என்று அமைச்சர் அனவரதநாதருக்கும் புலவர் திருமேனியாருக்கும் அன்று பிடித்த வயிற்றெரிச்சல், பிறகு தணியவே இல்லை.

ஒரு ஆனி மாசம். வெயிலில் ஏரி காய்ந்து, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சபையில் புலவர் திருமேனியார், "மன்னா, உம் பெயர் கேட்டாலே பகைவர்கள் பின்வாங்குகிறார்கள்" என்று பாடினார்.

மகாராசா முகத்தைச் சுளித்தார். "எல்லா ராசாக்களுக்கும்தான் பகைவர்கள் பின்வாங்குகிறார்கள். பாடப்பட்ட ராசா எவனுக்குத்தான் பின்வாங்கவில்லை? யாருக்கும் பின்வாங்காத ஒன்று எனக்குப் பின்வாங்க வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துப் பாடும். இல்லாவிட்டால் பாடாதீர்."

புலவர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் சாளரம் வழியாகக் காளவாய்மேட்டைப் பார்த்தார். ரொம்ப நாளாகவே அதன்மேல் அவருக்குக் கண். ஊரிலேயே நல்ல காற்று வரும் இடம். ஏரியும் தெரியும், கோபுரமும் தெரியும். தமக்கும் தம் ஆட்களுக்கும் அங்கே மாளிகை கட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்து நினைத்து அவருக்கு நாவூறும். நாற்பது குடிசைதான் குறுக்கே.

எட்டாம் நாள் அமைச்சர் சபைக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "மன்னர் மன்னா! வெள்ளம் பின்வாங்கிவிட்டது!"

மகாராசா பல்லக்கில் போய்ப் பார்த்தார். கரைக்கு இந்தப் பக்கம் நின்ற வெள்ளக்கல், ஏரியின் நடுவயிற்றில் நின்றுகொண்டிருந்தது. கோடும் எழுத்தும் அப்படியே இருந்தன. கல்லுக்குப் பொட்டு வைத்து மாலையும் போட்டிருந்தார்கள்.

"பார்த்தீர்களா?" என்றார் அமைச்சர். "மன்னரின் புகழுக்கு அஞ்சி வெள்ளமே தன் எல்லையைச் சுருக்கிக்கொண்டது. எல்லைக்கல்லும் கூடவே போய்விட்டது."

புலவர் அதை அங்கேயே பாட்டாகப் பாடினார். மகாராசாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அங்கேயே நின்று ஆணை பிறப்பித்தார். கல் நிற்கும் இடமே வெள்ளத்தின் எல்லை. இல்லை என்பவன் நாக்கு அறுக்கப்படும். வெள்ளம் விட்டுக்கொடுத்த புதுநிலத்துக்கு மகுடபுரம் என்று பெயர். அதில் குடியேறும் முதல் பாக்கியத்தைக் காளவாய்மேட்டு ஏழைகளுக்கே தருகிறோம். ஐப்பசி பிறக்குமுன் அவர்கள் மேட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். நாற்பது குடும்பமும் அங்கே சுகமாக வாழலாம் என்று அமைச்சர் அனவரதநாதர் ஓலையெழுதித் தம் முத்திரையையும் குத்தினார்.

ஆணை மேட்டுக்கு வந்து சேர்ந்தது. ஐப்பசிக்கு இன்னும் மாசமிருக்கிறது, ஒச்சாண்டி எதையாவது சொல்லி நிறுத்திவிடுவான் என்று சனங்கள் நம்பியிருக்க, ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. சபையில் அவன் வாய் திறக்கும்போதெல்லாம் புலவர் தம் நாக்கை நீட்டி, விரலால் அறுப்பதுபோல் காட்டிச் சிரிப்பார். புரட்டாசியில் காவலர்கள் வந்து குடிசைக் கூரைகளை எண்ணிவிட்டுப் போனார்கள்.

அன்று ஒச்சாண்டி மேட்டுக்குப் போனான். அவன் அக்கா சடைச்சி சுண்ணாம்பு இடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் உலக்கையை நிறுத்தவில்லை.

"வாங்க சாமி. பட்டுத்துணியிலே சுண்ணாம்பு பட்டுறப் போகுது. தள்ளி நில்லுங்க."

"அக்கா..."

"என்னடா அக்கா? பதினாறு மாடு பூட்டி அந்தக் கல்லை இழுத்துட்டுப் போனானுங்க. நான் இந்தக் கண்ணாலே பாத்தேன். குழியை மூட எருவைக் கொட்டினானுங்க, எருவை! மண்ணைப் போட்டு மூடக்கூடத் தெரியலை அவனுகளுக்கு. இவனுங்கதான் நாம எங்க குடியிருக்கணும்னு சொல்றவனுங்க."

"சொன்னா நாக்கை அறுப்பான் அக்கா."

"அறுக்கட்டும். இருந்து என்னத்தைப் பண்ணுச்சு உன் நாக்கு? ராசாவைச் சிரிக்க வெச்சுது." உலக்கையைத் தொப்பென்று போட்டாள். "பொன்னிக்கு இது எட்டாம் மாசம். ஐப்பசியிலே வலி எடுக்கும். ஏரி வயித்துக்குள்ளே கொண்டுபோய் அவளைப் படுக்கப் போடச் சொல்றியா? தண்ணி ஏறுனா பிள்ளைத்தாச்சியை எந்த மரத்துமேலே ஏத்துவேன், சொல்லு. அங்கே மரங்கூட இல்லை."

குடிசை வாசலில் சடைச்சியின் மகள் பொன்னி நின்றிருந்தாள். ஒரு கையால் இடுப்பைத் தாங்கியிருந்தாள். மாமனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

ஒச்சாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மேட்டை எங்க ஆத்தா சுமந்தா, அவ ஆத்தா சுமந்தா. சுமந்து ஏத்தினவளைப் பள்ளத்துக்கு அனுப்பிட்டு, ஒரு கூடை மண் தொடாதவன் மேட்டுமேலே காத்து வாங்குவானா? பல்லைக் கடித்துக்கொண்டான். சொல்ல வேண்டியதைச் சொன்னால் நாக்குப் போகும். நாக்குப் போனபிறகு குடிசையும் போகும். மேட்டிலிருந்து இறங்கினான்.

மறுநாள் சபை கூடியதும் அமைச்சர் எழுந்தார். அவனுக்கு வலை விரித்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"மன்னா, நம் விகடன் காளவாய்மேட்டுக்காரன். மேட்டுச் சனங்கள் அவன் சொல்லுக்குத்தான் தலையாட்டுவார்கள். ஆகையால் ஆணையை அவனே அங்கே போய்ப் படிக்கட்டும். அதற்குமுன், வெள்ளத்தின் எல்லை எது என்று இந்தச் சபையில் அவன் வாயால் சொல்லட்டும். ஒச்சாண்டியாரே, எது?"

இல்லை என்றால் நாக்கு. ஆமாம் என்றால் அக்காள் முகத்தில் எப்படி முழிப்பது?

ஒச்சாண்டி கைகூப்பினான். "கல் நிற்கும் இடமே வெள்ளத்தின் எல்லை, மகாராசா."

அமைச்சருக்கே சப்பென்று போய்விட்டது. புலவர் மட்டும் சிரித்தார்.

"ஆனால் மகாராசா, மேட்டுச் சனங்கள் படிக்காதவர்கள். குடைந்து குடைந்து கேட்பார்கள். கல் எங்கே நின்றாலும் அதுதான் எல்லையா என்று கேட்டால் நான் என்ன சொல்ல?"

"எங்கே நின்றாலும் அதுதான் எல்லை. இதில் என்ன சந்தேகம்?"

"கோட்டுக்குக் கீழே அடுப்பு மூட்டினால் அரசு அணைக்கும் என்று கல்லில் இருக்கிறதே. அது இப்போதும் உண்டா?"

"கொள்ளுப்பாட்டனாரின் சொல். எப்போதும் உண்டு. யார் அடுப்பானாலும் அணைப்போம்."

"அதையும் ஓலையில் எழுதி, மகாராசா முத்திரை குத்தித் தந்தால் படித்துக் காட்டுவேன்."

அமைச்சர் தாமே ஓடி வந்து எழுதி, மகாராசாவின் முத்திரையையும் குத்திக்கொடுத்தார். இவன் கழுத்துக்கு இவனே கயிறு கேட்கிறான் என்று அவருக்குச் சந்தோஷம். எழுத்து கொஞ்சம் கோணலாகக்கூட விழுந்தது.

ஓலையோடு ஒச்சாண்டி மேடு ஏறினான். படித்துக் காட்டினான். சனங்கள் அவனை அடிக்காததுதான் பாக்கி. சடைச்சி அவன் காலடியில் காறித் துப்பினாள்.

"துப்பு அக்கா. துப்பி முடிச்சிட்டு எனக்குப் பன்னிரண்டு தோள் வேணும். காவுமரம் நாலு, வடக்கயிறு, கடப்பாரை."

"எதுக்கு? நம்ம சட்டி பானையைத் தூக்கிட்டுப் போறதுக்கா?"

"ராசாவோட புகழைத் தூக்குறதுக்கு."

சடைச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, ஒரு வார்த்தை கேட்காமல், கடப்பாரையை எடுத்து அவளே முதலில் ஏரிக்குள் இறங்கினாள்.

மறுநாள் காலை வெயில் ஏறும்போதே கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். கயிறு கட்டிக் காவுமரத்தில் ஏற்றி, பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். ஏலேலோ போட்டுக்கொண்டு ராசவீதியில் நடந்தார்கள். முன்னால் ஒச்சாண்டி ஓலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனான். கல்லின் கழுத்தில் அமைச்சர் போட்ட மாலை காய்ந்து தொங்கியது. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அரண்மனை வாசலில் காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான். "என்னய்யா இது?"

"மகாராசாவோட புகழ். கனமா இருக்கு, வழி விடு."

"உள்ளே விடச் சொல்லி உத்தரவு?"

ஒச்சாண்டி ஓலையைக் காட்டினான். காவலனுக்கு எழுத்துத் தெரியாது, முத்திரை தெரியும். ஈட்டியை எடுத்தான்.

நேரே மடைப்பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பதினெட்டு அடுப்பும் கனகனவென்று எரிந்துகொண்டிருந்தன. மடைப்பள்ளிக் கங்காணி சோமாசி கரண்டியோடு ஓடி வந்தார்.

"அடேய், அடேய்! அம்மிக்கல் ஒண்ணு பழசாப் போச்சுன்னு சொன்னேன். அதுக்கு இம்மாம் பெரிய கல்லா? இதிலே யாருடா அரைக்கிறது?"

"சோமாசி மாமா, கொஞ்சம் நகருங்க. காலிலே விழுந்துடப் போகுது."

தரைக்கல் இரண்டைப் பெயர்த்துக் குழி தோண்டினார்கள். கல்லை இறக்கி, இடுக்கில் சல்லி போட்டு, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, சடைச்சி தன் கையாலேயே இடித்து இறுக்கினாள். தூக்குநூல் விட்டுச் செங்குத்துப் பார்த்தாள். அமைச்சரின் ஆட்கள் நட்டதைவிட நூறு பங்கு ஒழுங்காக நின்றது. கோடு சோமாசியின் மார்பு உயரத்துக்கு வந்தது. பதினெட்டு அடுப்பும் அதற்குக் கீழே இருந்தன.

ஒச்சாண்டி ஓலையை விரித்து உரக்கப் படித்தான். சோமாசிக்கு முகம் வெளுத்தது. முத்திரையைத் தடவிப் பார்த்தார். ஒரு தரம் கல்லைப் பார்த்தார், ஒரு தரம் அடுப்பைப் பார்த்தார். அவர் ஆணைக்குப் பயந்தவர். "ஊத்துங்கடா தண்ணியை" என்றார். பதினெட்டு அடுப்பும் புஸ்ஸென்று அணைந்தன.

மத்தியானம் மகாராசா இலை முன் உட்கார்ந்தார். சோறு வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார். உப்பு மட்டும் வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு எழுந்து, வாழ்நாளில் முதல் தடவையாக, தம் வீட்டு மடைப்பள்ளிக்கு வழி கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னாலேயே அமைச்சரும் புலவரும் வந்தார்கள். கல்லைப் பார்த்ததும் மூன்று பேரும் நின்றுவிட்டார்கள்.

"என்ன இது?" என்றார் மகாராசா.

"வெள்ளம், மகாராசா" என்றான் ஒச்சாண்டி. "திரும்பி வந்துவிட்டது. மடைப்பள்ளி வரைக்கும் வந்து நிற்கிறது. கோட்டுக்குக் கீழே இருந்த அடுப்புகளை மகாராசா ஆணைப்படி அணைத்துவிட்டோம். கவலை வேண்டாம்."

"மன்னா, மோசம்!" என்று அமைச்சர் அலறினார். "இந்தப் பாதகன் கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருக்கிறான்!"

ஒச்சாண்டி அவர் பக்கம் திரும்பி, ரொம்பப் பணிவாகக் கேட்டான். "கல்லைப் பெயர்த்து நட முடியுமா அமைச்சரே? இதற்குமுன் யாராவது அப்படி நட்டிருக்கிறார்களா? வெள்ளம் போகும், கல் கூடவே போகும் என்றுதானே சொன்னீர்கள்?"

அமைச்சர் புலவரின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

புலவர் முன்னால் வந்தார். "வெள்ளம் என்கிறாயே, தண்ணீர் எங்கே? ஒரு சொட்டுக்கூடக் காணோமே!"

"ஏரியில் வெள்ளம் பின்வாங்கியபோது நீங்கள் தண்ணீரைப் பார்த்தீர்களா புலவரே? ஆனி மாசம். ஏரியில் காக்கை குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. கல்லைப் பார்த்துவிட்டுத்தானே பாடினீர்கள்? அங்கே தண்ணீர் இல்லாமலே வெள்ளம் பின்வாங்கும் என்றால், இங்கே தண்ணீர் இல்லாமலே வெள்ளம் வராதா?"

மகாராசாவின் வயிறு உறுமியது. அது எல்லோருக்கும் கேட்டது.

"அனவரதநாதரே," என்றார் மெதுவாக, "எனக்குப் பசிக்கிறது. சீக்கிரம் ஒன்றைச் சொல்லும். கல் கையால் நகர்ந்ததா, வெள்ளத்தால் நகர்ந்ததா?"

அமைச்சர் கெட்டிக்காரர். சட்டென்று பிடித்துக்கொண்டார். "மன்னா, ஏரிக்குள் போனது உம் புகழால். இங்கே வந்தது இவன் கையால். ஆகவே இதைப் பழையபடி ஏரிக்குள்ளேயே நடச் சொல்லிவிட்டு, இவன் நாக்கை அறுத்தால் எல்லாம் சரியாகிவிடும். மகுடபுரம் உலர்ந்த பூமி. நாற்பது குடும்பம் சுகமாக வாழலாம். என் முத்திரையே சாட்சி."

"சரிதான் மகாராசா" என்றான் ஒச்சாண்டி. "நாக்கு எங்கே போய்விடப் போகிறது? பிறகு அறுக்கலாம். ஒரே ஒரு விண்ணப்பம். இவ்வளவு நல்ல பூமி. வெள்ளமே பயந்து விட்டுக்கொடுத்த பூமி. அதன் முதல் அடுப்பைக் கூலிக்காரி மூட்டினால் மகாராசா பெயருக்கு என்ன மரியாதை? நாற்பது குடும்பத்துக்கு ஆகும் என்று முத்திரை குத்தியவர், ஒரு குடும்பத்துக்கு ஆகாது என்றா சொல்வார்? அமைச்சர் தம் வீட்டம்மாளோடும் பேரப்பிள்ளைகளோடும் போய், மகுடபுரத்தில் பால் காய்ச்சட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் அங்கேயே தங்கட்டும். தை பிறந்ததும் அவர் வந்து சொன்னால், மேட்டுச் சனங்கள் மறுபேச்சு இல்லாமல் இறங்குவார்கள்."

மகாராசாவுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அமைச்சருக்குப் பெரிய கௌரவம் என்றும் தோன்றியது. "ஆகட்டும்! நாளைக்கே புறப்படும் அனவரதநாதரே. மண்குடிசை போதும். அவர்களுக்கும் அதுதானே?"

அமைச்சர் சிரித்துப் பார்த்தார். நாள் நன்றாக இல்லை என்றார். பேத்திக்கு இருமல் என்றார். மகாராசா ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் சபைத்தமிழ் எல்லாம் உதிர்ந்துபோய், அவர் கத்தினார்.

"மகாராசா, அது தண்ணி நிக்கிற எடம்! ஐப்பசி பிறந்தா ரெண்டாள் ஆழம் நிக்கும்! நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

அணைந்த அடுப்பிலிருந்து ஒரு விறகு மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

மகாராசா அமைச்சரைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மூன்று மாசமாகத் தாம் வெள்ளத்தை வென்றவர் என்று நினைத்துக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்தது. முதலில் முகம் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கியது. பசியோடு சேர்த்துச் சிரிப்பும் வந்து, பிடிக்க ஆளில்லாமல் அங்கிருந்த உரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சோமாசி சிரித்தார். தோள் கொடுத்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நாக்கை அறுப்பதுபோல் காட்டுகிற புலவரும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஒச்சாண்டி சிரிக்கவில்லை. சடைச்சியும் சிரிக்கவில்லை.

"ஏன் ஒச்சாண்டி, உன் விகடத்துக்கு நீயே சிரிக்கவில்லையே?" என்றார் மகாராசா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மகாராசா, 'நான் பிள்ளைகுட்டிக்காரன்' என்று அமைச்சர் சொன்னதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது. இதோ நிற்கிறாள் என் அக்கா. அவள் மகள் நிறைசூலி. இவர்களும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். நாற்பது வீட்டிலும் சொன்னார்கள். இவர்கள் வாய் திறந்தால் நாக்கை அறுப்போம் என்றீர்கள். ஒரே ஏரி, ஒரே தண்ணீர்தானே மகாராசா? இவர்கள் மூழ்கினால் பாக்கியம், அவர் மூழ்கினால் ஐயோவா?"

சிரிப்பு நின்றது. ஒச்சாண்டி இப்படிப் பேசி மகாராசா கேட்டதில்லை. அமைச்சர் தம் கழுத்தைத் தடவிக்கொண்டார். புலவர் சத்தமில்லாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

மகாராசா கல்லின் எழுத்தை விரலால் தடவி ஒரு தரம் படித்தார். "என்ன வேண்டும், கேள்" என்றார்.

"இரண்டு. கல் பழைய குழிக்கே போகவேண்டும். முதலில் ஏரிக்குள் எடுத்துப் போனவர்களே தூக்க வேண்டும், மாடு பூட்டாமல். இனிமேல் பள்ளத்தில் வீடு கட்டலாம் என்று எவர் முத்திரை குத்தினாலும், முதலில் அவர் அங்கே அடுப்பு வைத்து ஒரு ஐப்பசியும் கார்த்திகையும் குடியிருக்க வேண்டும். மனைவி மக்களோடு."

மகாராசா மறுபடியும் சிரித்துவிட்டார். இந்தத் தடவை கொஞ்சம் வெட்கத்தோடு. இரண்டையும் அங்கேயே கொடுத்தார். தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து ஒச்சாண்டிக்குப் போர்த்தினார். அன்று சாயங்காலம் அமைச்சரும் புலவரும் அவர்கள் ஆட்களும் காவுமரத்துக்குத் தோள் கொடுத்துக் கல்லைச் சுமந்துகொண்டு ராசவீதியில் போனார்கள். அவர்களுக்கு ஏலேலோ போடத் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்து, நாலு இடத்தில் கீழே போட்டார்கள். குழியிலிருந்த எருவையும் அவர்களே கையால் அள்ளினார்கள்.

ஐப்பசி வந்தது. ஒன்பது நாள் விடாமல் கொட்டியது. மகுடபுரம் இரண்டாள் ஆழத்தில் கிடந்தது. தண்ணீர் ஏறி ஏறி வந்து, கல்லின் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. பத்தாம் நாள் பொன்னிக்குப் பெண் பிறந்தது. மேட்டுமேல், உலர்ந்த தரையில்.

ஒச்சாண்டி சால்வையை எடுத்துக்கொண்டு போனான். பிள்ளைக்குப் போர்த்தலாம் என்று நீட்டினான். சடைச்சி வாங்கிப் போர்த்தினாள். வெந்நீர் அடுப்பை ஊதிக்கொண்டே, அவனைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"கெட்டிக்காரன்தான்டா நீ. நல்லாத்தான் பண்ணுனே. ஆனா ஒண்ணு. இந்த மேடு நாம சுமந்தது. அந்தச் சட்டம் அவன் கொள்ளுப்பாட்டன் எழுதினது. ரெண்டும் நம்ம பக்கம் இருக்கு. அப்படியும் அந்த மனுசனைச் சிரிக்க வெச்சுத்தானே நம்ம அடுப்பை நாம காப்பாத்த வேண்டியிருக்கு?"

ஒச்சாண்டி அக்காவின் பக்கத்தில் வந்தான். குந்தி, அவனும் அடுப்பை ஊதினான்.

அந்த மகாராசா இருந்தவரைக்கும் பள்ளத்தில் வீடு கட்டலாம் என்று முத்திரை குத்த ஒருத்தரும் துணியவில்லை. மேட்டில் அவர்கள் அடுப்பு எரிந்தது, அரண்மனையிலும் அடுப்பு எரிந்தது. கதை கேட்டவர்கள் போய், அவரவர் அடுப்பு எந்த மட்டத்தில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.